தொழிலாளியின் ஊக்கமும் உளவியலாரின் கொள்கைகளும்: ஒரு மதிப்பீடு

மனிதன் ஏன் உழைக்கின்றான் என்னும் வினா மிகப் பழைமையானது. அவனை இன்னும் மிகுதியாக உழைக்கச் செய்வது எங்ஙனம் என்னும் வினாவோ பெரிய ஆலைகள் தோன்றிய பின்னர் வலுப்பெற்றது. இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் போலத் தோன்றினும் உண்மையில் வேறு வேறானவை. முன்னதை உழைப்பவனும் கேட்கலாம். பின்னதை உழைப்பிப்பவனே கேட்கின்றான். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த தொழிலுளவியற் கொள்கைகளுட் பல, பின்னைய வினாவுக்கு விடை தேடிக்கொண்டு, அவ்விடையையே முன்னைய வினாவுக்கும் உரியதாக்கின. வணிகமும் முகாமைத்துவமும் பயிலும் மாணவர் கைக்கு அவை ஐயத்துக்கு இடமற்ற உண்மைகளாகவே வந்து சேர்கின்றன. அவை எவ்விடத்தில், எத்தகைய சான்றின்மேல் எழுந்தன என்பதை ஆராய்ந்து, அவற்றின் தகுதியை அளந்தறிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் முதற்கண் வைத்து எண்ணப்படுபவர் அமெரிக்கப் பொறியியலாளராகிய பிரெடறிக் ரெயிலர் ஆவர். அவர் 1911இல் வெளியிட்ட 'விஞ்ஞானமுறை முகாமைத்துவத்தின் தத்துவங்கள்' என்னும் நூலில், பென்சில்வேனியா மாநிலத்துப் பெத்லஹேம் உருக்காலையில் தாம் நிகழ்த்திய சோதனையொன்றை விரித்துரைக்கின்றார். அங்கே இரும்புப் பாளங்களைச் சுமந்து புகைவண்டிப் பெட்டியில் ஏற்றுதல் ஒருசாரார் தொழிலாகும். ஒருவர் நாளொன்றுக்கு ஏற்றிய நிறை சராசரி பன்னிரண்டரைத் தொன்; பெற்ற கூலி 1 டொலர் 15 சதம். சிமித் என்று ரெயிலர் பெயரிட்டு வழங்கும் தொழிலாளியொருவர் தெரிந்தெடுக்கப்பட்டார். எப்பொழுது தூக்கவேண்டும், எப்பொழுது இளைப்பாறவேண்டும் என மேற்பார்வையாளர் கட்டளையிட, அவர் அவ்வண்ணமே செய்து நாளொன்றுக்கு நாற்பத்தேழரைத் தொன் ஏற்றினார் என்பது ரெயிலர் கூற்று. அவருக்கு அளிக்கப்பட்ட கூலி 1 டொலர் 85 சதம். உழைப்பின் பயன் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. கூலியோ அறுபது சதவீதமளவே உயர்ந்தது.

இக்கதையின் பல பகுதிகள் மிகைபடக் கூறப்பட்டவை எனப் பின்வந்த வரலாற்றாய்வாளர் காட்டியுள்ளனர். அது நிற்க, கதையை ரெயிலர் சொல்லியபடியே ஏற்றுக்கொள்ளினும் ஒன்று நம் கருத்தைக் கவர்கின்றது. அத்தொழிலாளியை மந்த புத்தியுடையவர் என்றும், எருதுக்கு ஒப்பானவர் என்றும் எண்ணும்படியாகவே ரெயிலர் எழுதிச் செல்கின்றார். ஆயினும் அவரே வேறொரு செய்தியையும் மறைக்காது குறித்துள்ளார். அக்குறைந்த கூலியில் மிச்சம்பிடித்துச் சிறிய நிலத்துண்டொன்றை அம்மனிதர் வாங்கியிருந்தார். நாடோறும் வேலைக்குச் செல்லுமுன்னும் வேலை முடிந்து திரும்பிய பின்னும் அந்நிலத்திலே தமக்கென ஒரு சிறு வீட்டின் சுவர்களை எழுப்பிக்கொண்டிருந்தார். பகல் முழுவதும் இரும்பு சுமந்த தோள் மாலையிற் கல் சுமந்தது. அங்கே அவருக்குக் கட்டளையிடுவார் எவருமிலர். கூலி கொடுப்பாரும் இலர். இதனை ரெயிலர் எடுத்துக்கூறியது, அம்மனிதர் பணத்தாசை மிக்கவர் எனக் காட்டுதற்கேயாம். தாம் கண்டதன் முழுப்பொருளை அவர் உணர்ந்திலர். தன் மனத்துள் ஒரு வீட்டை வரைந்து, அதற்கெனக் காலத்தையும் காசையும் வகுத்துக்கொண்ட ஒருவரை மந்தபுத்தியுடையவர் எனல் எவ்வாறு பொருந்தும்?

ரெயிலர் கொள்கைக்கு மறுப்பாக எழுந்தது மனித உறவுகள் கொள்கை என்பர். அதற்கு மூலமாயமைந்தவை சிக்காகோ நகரத்தை அடுத்த சிசெரோவில், வெஸ்ரேண் எலெக்ரிக் நிறுவனத்துக்குரிய ஹோதோண் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்ற ஆய்வுகளாகும். ஒளியின் அளவைக் கூட்டினும் குறைப்பினும் உற்பத்தி உயர்ந்தது என்றும், ஆகவே தொழிலாளரை ஊக்கியது ஒளியன்று, தம்மைப் பிறர் கவனிக்கின்றனர் என்னும் உணர்ச்சியே என்றும் பாடநூல்கள் கூறும். 'ஹோதோண் விளைவு' எனப் பெயர்பெற்ற இக்கருத்து உளவியலில் மட்டுமன்றி மருத்துவம், கல்வி முதலிய துறைகளிலும் பரவிற்று. ஆனால், மறைந்துபோயினவெனக் கருதப்பட்ட அவ்வொளிச் சோதனைகளின் பதிவுகளைக் கண்டெடுத்து, லெவிற், லிஸ்ற் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்று காட்டிற்று. ஒளி மாற்றங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிற் செய்யப்பட்டன. மறுநாளாகிய திங்கட்கிழமை உற்பத்தி சனிக்கிழமையினும் உயர்ந்திருந்தது. ஒளியில் எம்மாற்றமும் செய்யப்படாத வாரங்களிலும் திங்கட்கிழமை அவ்வாறே உயர்ந்திருந்தது! கதை கூறுமளவிற்குப் பெரிய விளைவு எதனையும் அப்பதிவுகளில் அவர்கள் கண்டிலர்.

தொலைபேசிக்குரிய ரிலே என்னும் சிறு கருவியைப் பூட்டும் மகளிர் சிலரை 1927இல் தனியறையில் அமர்த்தி நடத்திய ஆய்வும் இத்தகையதே. இளைப்பாறும் நேரம், சிற்றுண்டி, வேலை நேரக் குறைப்பு முதலியவை ஒவ்வொன்றாகப் புகுத்தப்பட்டன; உற்பத்தி ஏறக்குறைய முப்பது சதவீதம் உயர்ந்தது. இவ்வுயர்வு நட்புறவோடு கூடிய மேற்பார்வையால் விளைந்தது என ஆய்வாளர் முடிவுசெய்தனர். அலெக்ஸ் கேரி என்பார் 1967இல் எழுதிய கண்டனக் கட்டுரை இம்முடிவின் அடித்தளத்தையே அசைத்தது. ஆய்வின் தொடக்கத்திலேயே கூலிமுறை மாற்றப்பட்டு, அச்சிறு குழுவின் உற்பத்திக்கேற்பக் கூலி வழங்கப்பட்டது. அதிகம் பேசுகின்றனர், ஒத்துழைக்கின்றிலர் என்ற குற்றச்சாட்டின்மேல் இருவர் 1928 தொடக்கத்தில் அகற்றப்பட்டு, அவரிடத்தில் வேறிருவர் அமர்த்தப்பட்டனர். அவ்விருவர் வந்தபின்னரே உற்பத்தி பெரிதும் உயர்ந்தது. கூலிமுறையை மட்டும் மாற்றிப் பார்த்த வேறொரு குழுவில், சில வாரங்களுள் உற்பத்தி பன்னிரண்டு சதவீதமளவு உயர்ந்ததும் அதே ஆய்வின் பதிவுகளில் உண்டு. ஆகவே நட்புறவின் வெற்றியெனப் போற்றப்பட்டதன் பின்னே கூலியும் தண்டனையும் நின்றன என்பது கேரியின் வாதம். அன்பின் பெயரால் எழுந்த கொள்கைக்கு ஆதாரமான அறையிலேயே இருவர் பேசியதற்காக நீக்கப்பட்டனர் என்பது மாணவர்க்குச் சொல்லப்படுவதில்லை.

இவ்வாய்வுகளுள் மிகவும் சிந்திக்கத்தக்கது கம்பிகளைப் பொருத்தும் அறையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை நடைபெற்றது. அவ்வறையிற் பதினால்வர் இருந்தனர்: கம்பி பொருத்துவோர் ஒன்பதின்மர், பற்றாசு வைப்போர் மூவர், சோதிப்போர் இருவர். அதிகம் செய்தாற் கூலி கூடும் என்பதை அறிந்திருந்தும், ஒருவர்க்கு நாளொன்றுக்கு இரண்டு தொகுதியே தக்க அளவு என்று அவர்கள் தமக்குள் ஒரு வரம்பை வகுத்துக்கொண்டனர். அதனைக் கடந்தவரும், மிகக் குறைத்தவரும், கூட்டாளியை மேலிடத்துக்குக் காட்டிக்கொடுத்தவரும் பழிக்கப்பட்டனர். வரம்பு கடந்தால் கூலிவீதம் குறைக்கப்படும், அல்லது சிலர் வேலையிழப்பர் என்பது அவர்கள் கூறிய காரணம். இதனை ஆய்வாளர் எவ்வாறு விளக்கினர்? முகாமையாளரிடத்துச் செயற்றிறன் பற்றிய தருக்கம் உண்டு. தொழிலாளரிடத்து உள்ளது உணர்ச்சியே எனப் பாகுபாடு செய்தனர். றோதிலிஸ்பேகரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட 'முகாமையும் தொழிலாளியும்' என்னும் பெருநூல் அவ்வச்சத்துக்குத் தொழிலாளரது நேர் அனுபவத்தில் ஆதாரமில்லை எனக் கருதிற்று. ஆனால் நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அமிழ்ந்திருந்த காலமன்றோ அது! வேலைக் குறைவினால் அவ்வாய்வே 1932இல் நிறுத்தப்பட்டது. தொழிலாளரின் 'உணர்ச்சி' எதனை அஞ்சியதோ அதுவே நிகழ்ந்தது. நூலோரின் தருக்கத்தினும் அவ்வுணர்ச்சி உலகத்தை நன்கறிந்திருந்தது எனலாம்.

ஈண்டுத்தான் இக்கொள்கைகளின் அடிப்படைக் குறை வெளிப்படுகின்றது. தொழிலாளி கூறும் நியாயத்தை நியாயமாகக் கேளாது, நோயாளி கூறும் குறியாகக் கேட்டல் என்பதே அக்குறை. அதே ஆலையில் 1928 முதல் 1930 வரை 20,000இற்கு மேற்பட்ட தொழிலாளர் உரையாடலுக்கு அழைக்கப்பட்டு, அவர்தம் முறைப்பாடுகள் எழுதிக்கொள்ளப்பட்டன. இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் முறைப்பாட்டின் வெளிப்பொருள் வேறு, உட்பொருள் வேறு என வகுத்து, கூலி போதாது என்பவரின் உள்ளத்தில் வீட்டுத் துன்பமோ வேறு கவலையோ மறைந்து கிடக்கலாமென விளக்குதல் அம்முயற்சியின் போக்காயிற்று. சிலரிடத்து அவ்வாறு இருக்கவும் கூடும். எனினும் கூலி உண்மையாகவே போதாதிருத்தலும் கூடுமன்றோ?

அடுத்து, யாவரும் அறிந்த ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைப் படிமுறைக் கொள்கையை நோக்குவோம். உடற்றேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னாற்றல் நிறைவு என ஐந்து தேவைகள் ஒன்றன்மேலொன்றாக அமைந்துள்ளன. கீழுள்ளது நிறைவுற்றபின் மேலுள்ளது தலையெடுக்கும் என்பது அதன் சுருக்கம். 1943இல் உளவியல் இதழொன்றில் வெளிவந்த அக்கட்டுரையை மூலத்திற் படிப்போர்க்கு இருவகை வியப்பு உண்டாகும். முதலாவது, மாணவர் பரீட்சையில் வரையும் முக்கோணம் அங்கே இல்லை. அவ்வடிவம் 1960ஆம் ஆண்டளவில் வணிக ஆலோசகரின் எழுத்துக்களிலே தோன்றிப் பரவியது. இரண்டாவது, பாடநூல்களிற் காணப்படும் கடுமை மூலத்தில் இல்லை. ஒரு தேவை முற்றாக நிறைவுற்ற பின்னரே அடுத்தது எழும் என அவர் கூறவில்லை. உடற்றேவை 85, பாதுகாப்பு 70, அன்பு 50, மதிப்பு 40, தன்னாற்றல் நிறைவு 10 சதவீதம் என யாவும் ஒருங்கே ஓரளவு நிறைவுற்றிருத்தலே இயல்பு என்று, விளக்கத்தின்பொருட்டுத் தாமே கற்பித்த எண்களால் எடுத்துக்காட்டுகின்றார். இலட்சியத்துக்காக யாவற்றையும் துறப்போரையும் வரிசை மாறி அமைந்த பிறரையும் விலக்காகக் குறித்துள்ளார்.

மாஸ்லோவின் சான்று யாது? ஆலையிற் செய்த ஆய்வன்று. உளநோய் மருத்துவத்திற் பெற்ற அனுபவமும் பிற அறிஞர் கருத்துக்களுமே. 1954இல் வெளிவந்த நூலில், தன்னாற்றல் நிறைவு எய்தியோர்க்கு எடுத்துக்காட்டாக லிங்கன், ஜெபர்சன், ஐன்ஸ்ரைன், எலினோர் றூஸ்வெல்ற் முதலியோரைக் கூறுகின்றார். மூவாயிரம் கல்லூரி மாணவரை ஆராய்ந்தும் அவர்க்கு ஏற்றவராகக் கிடைத்தவர் ஒருவரே. தாம் சிறந்தோரென மதித்தவரைத் தேர்ந்து, அவரிடத்துக் கண்ட பண்புகளை மனித இயல்பின் சிகரமெனக் கொள்ளுதல் வட்டத்துட் சுழலும் வாதமாகும். வாபா, பிரிட்வெல் என்போர் அதுவரை நிகழ்ந்த சோதனைகளைத் தொகுத்து 1976இல் ஆராய்ந்தபோது, ஐந்து தேவைகள் என்ற பகுப்பிற்கோ, ஒன்று நிறைவுறின் அடுத்தது எழும் என்ற வரிசைக்கோ போதிய ஆதாரம் கண்டிலர். மாஸ்லோவும் இதனை உணராதவரல்லர். 1962இன் கோடையில் கலிபோர்ணியாவிலுள்ள மின்னளவைக் கருவித் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்து எழுதிய குறிப்புகள் 1965இல் நூலாயின. மருத்துவத்திற் பிறந்த தம் கொள்கையை ஆலைக்கு எடுத்துச் செல்லுமுன் இன்னும் பல ஆய்வுகள் வேண்டுமென அவர் அதிற் கவலையோடு எழுதினார். ஆசிரியர் ஐயுற்றதை அவர் பெயரால் எழுதுவோர் ஐயுறவில்லை!

பிரெடறிக் ஹேர்ஸ்பேர்க்கும் அவர்தம் துணைவர் இருவரும் 1959இல் வெளியிட்ட கொள்கை வேறொரு பாகுபாட்டைச் செய்தது. பிற்ஸ்பேர்க் நகர்ப்புறத்துப் பொறியியலாளரும் கணக்காளருமாகிய இருநூற்றுவரளவினரை அணுகி, தொழிலில் மிக்க மகிழ்ச்சியும் மிக்க மனக்குறையும் உற்ற வேளைகளை விவரிக்குமாறு கேட்டனர். மகிழ்ச்சிக்குக் காரணமாகச் சாதனை, பாராட்டு, பொறுப்பு, தொழிலின் சுவை முதலியன கூறப்பட்டன; மனக்குறைக்குக் காரணமாக நிறுவனக் கொள்கை, மேற்பார்வை, வேலைச் சூழல் முதலியன கூறப்பட்டன. முன்னையவற்றை ஊக்கக் காரணிகள் என்றும் பின்னையவற்றைச் சுகாதாரக் காரணிகள் என்றும் வகுத்து, சம்பளத்தையும் பின்னைய வகுப்பில் வைத்தனர். இதற்கு வ்ரூம் என்பார் 1964இற் கூறிய மறுப்பு எளியது: நன்மை விளைந்தால் அதற்குத் தன் திறமையைக் காரணமாக்கலும், தீமை விளைந்தால் பிறரைக் காரணமாக்கலும் மனித இயல்பு. ஆதலின் அவ்வாய்வு காட்டியது ஊக்கத்தின் இருவகையா, அன்றித் தற்பெருமையின் இருமுகமா என்பது ஐயத்துக்குரியது. அன்றியும், அவர்தம் ஆய்விலேயே சம்பளம் இருபக்கத்தும் காணப்பட்டது. அதனை ஒருபக்கத்தில் நிறுத்தியது ஆய்வோரின் தீர்ப்பேயாம்.

இத்தீர்ப்பின் விளைவு சிறியதன்று. சம்பளம் மனக்குறையை நீக்குமேயன்றி ஊக்கம் தராது என்று கற்ற ஒருவர் நாளை முகாமையாளராகின்றார். கூலியுயர்வு கேட்டு நிற்போரைக் கண்டு, 'இவர்க்கு வேண்டுவது பணமன்று, பாராட்டே' என அவர் நல்ல மனத்துடனே எண்ணக்கூடும். மாஸ்லோவின் ஏணியைக் கற்றவரோ, 'இவர் கீழ்ப்படியைத் தாண்டிவிட்டார்' எனத் தாமே முடிவுசெய்யக்கூடும். எவர் எப்படியில் நிற்கின்றார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அப்படியில் நிற்பவர்க்கன்றி மேலிருந்து பார்ப்பவர்க்கே போய்ச் சேர்கின்றது. கொள்கையின் பிழை ஏட்டோடு நில்லாது ஒருவரின் சம்பளத்திற் சென்று தங்குவது இவ்வாறே.

இனி, தொழிலாளியைத் தீர்ப்புக் கூறவல்ல அறிவுடையவராகக் கொண்ட கொள்கைகளும் இல்லாமலில்லை. ஸ்ரேசி அடம்ஸ் 1963இல் விளக்கிய நியாயக் கொள்கை அவற்றுள் ஒன்று. ஒருவர் தாம் கொடுத்த உழைப்பையும் பெற்ற பயனையும் பிறர் கொடுத்தவற்றோடும் பெற்றவற்றோடும் ஒப்பிடுகின்றார். ஒப்பின்மை கண்டால் அதனை நீக்க முயல்கின்றார் என்பது அதன் கருத்து. கம்பி அறையின் பதினால்வரை ஹோதோண் நூலோரினும் இக்கொள்கை நன்கு விளக்கவல்லது. எட்வேட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையும் குறிப்பிடத்தக்கது. புதிர்க்கட்டைகளைப் பொருத்தி விடுவிக்குமாறு மாணவரிடம் கேட்டு, ஒரு பகுதியார்க்கு மட்டும் புதிர் ஒன்றுக்கு ஒரு டொலர் அளித்தனர். பணம் நின்றபின், அதனைப் பெற்றவர்கள் ஓய்வு நேரத்தில் அப்புதிர்களில் முன்போல ஈடுபடவில்லை. சுவைக்காகச் செய்வதற்கு விலை குறித்தால் அச்சுவை குன்றலாம் என்பது பெறப்பட்டது.

எனினும் நாம் பிற கொள்கைகளுக்கு இட்ட சோதனையை இவற்றுக்கும் இடுதலே நேர்மையாகும். அடம்ஸின் சோதனைகளில் ஈடுபட்டோர் பெரும்பாலும் குறுகிய கால வேலைக்கு அமர்த்தப்பட்ட மாணவர். டெசியின் சோதனையிலும் மாணவரே. புதிரைக் கைவிடும் மாணவர் உணவை இழப்பதில்லை. இரும்பு சுமப்பவர் சுமையைக் கைவிடின் இழப்பார். ஆகவே பணம் ஊக்கத்தைக் கெடுக்கும் எனப் பொதுவிதி வகுத்துக் கூலியைக் குறைக்க முயல்வோர்க்கு டெசியின் சோதனை சான்றாகமாட்டாது. கைம்மாறுகள் பற்றிய நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்தாராய்ந்த அறிஞரிடையே 1990களில் எழுந்த கடும் வாதமும், இவ்விளைவு எப்பொழுது தோன்றும், எப்பொழுது தோன்றாது என்பதைப் பற்றியதேயாம்.

இங்ஙனம் கூறுவதால் இக்கொள்கைகள் யாவும் பயனற்றவை என்பது எம் கருத்தன்று. களைப்பும் இளைப்பாறலும் உற்பத்தியோடு தொடர்புடையன என ரெயிலர் காட்டினார். ஆலையிலுள்ளோர் தனித்தனி உருபுகளல்லர், ஒரு சமூகம் எனக் காட்டியது ஹோதோண் ஆய்வு. வயிறு நிறைந்தவுடன் மனிதனின் வேட்கை முடிந்துவிடுவதில்லை என மாஸ்லோ நினைவூட்டினார். தொழிலே சுவையற்றதாயின் வேறெதுவும் அதனை ஈடுசெய்யாது என்பது ஹேர்ஸ்பேர்க்கின் நன்மொழி. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அறையிலிருந்து மனிதனின் ஒரு பக்கத்தைக் கண்டனர். அவர் கண்டது உண்மை. அதுவே முழு மனிதன் எனக் கொண்டதே பிழை.

ஆகவே இக்கொள்கைகளைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் மூன்று வினாக்கள் இன்றியமையாதன. இதன் சான்று எவரிடமிருந்து, எவ்விடத்தில் எடுக்கப்பட்டது? இச்சான்றுக்கு வேறு விளக்கம் உண்டா? இக்கொள்கை உண்மையாயின் எவர்க்கு நன்மை, எவர்க்கு இழப்பு? ஐந்து படிகளின் பெயரை ஒப்புவிக்கும் மாணவனினும் இம்மூன்று வினாக்களையும் எழுப்பும் மாணவன் மேலானவன். நாளை அவன் கீழ் நால்வர் வேலை செய்யும்பொழுது, அவர்தம் சொல்லைக் குறியாக அன்றிச் சொல்லாகவே கேட்கும் பழக்கம் அவனிடத்து அமையும்.

பெத்லஹேம் ஆலையில் இரும்பு சுமந்தவர் எதற்காக உழைக்கின்றார் என்பதை அறிய ரெயிலர் கடிகாரத்தையும் கூலிக் கணக்கையும் நாடினார். அவர் கட்டிய வீட்டைப் பற்றி அவரிடமே கேட்டிருந்தால் தொழிலுளவியலின் வரலாறு வேறு விதமாகத் தொடங்கியிருக்கலாம். உழைப்பவரைப் பற்றி எத்துணைக் கொள்கைகள் கற்பினும், அவரையே கேட்டறிதல் என்னும் எளிய முறையை நாம் கைவிடலாகாது.